காசநோய்க் கிருமியின் ஜீனோமும் கேலக்ஸியும்: முதல் ஒர்க்ஃப்ளோ கட்டுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

உயிரியல் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்தவர் கையில் ஒரு ஹார்ட் டிஸ்க்கைக் கொடுத்து, "சீக்வென்சிங் டேட்டா வந்திருக்கு, பார்த்துச் சொல்லுங்க" என்பது இப்போது சாதாரணமாகிவிட்டது. சீக்வென்சிங் என்பது டிஎன்ஏவின் எழுத்துகளைக் கருவியால் வரிசையாகப் படிப்பது. திறந்து பார்த்தால் வாயில் நுழையாத பெயர்களில் எண்பது கோப்புகள் இருக்கும். நண்பர் ஒரு மென்பொருளைச் சொல்வார், சீனியர் வேறொன்றைச் சொல்வார். எட்டுப் பத்து மென்பொருள்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டி, ஒன்று கொடுத்ததை அடுத்ததற்குக் கொடுத்து, ஒருவழியாக ஒரு அட்டவணை வந்து சேரும். சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

எங்கள் குழுவுக்கு இது நடந்தது. கட்டுரையை மதிப்பிட்டவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: ஒரு இடத்தில் மரபணு மாற்றம் இருப்பதாக ஏற்றுக்கொள்ள, குறைந்தது எத்தனை ரீட்கள் (கருவி படித்துத் தரும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) வேண்டும் என்று வைத்தீர்கள்? யாருக்கும் நினைவில்லை. ஓட்டியவர் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டார். எல்லாவற்றையும் முதலிலிருந்து ஓட்ட மூன்று வாரம் ஆனது. வந்த எண்கள் பழைய எண்களோடு முழுசாகப் பொருந்தவும் இல்லை.

பள்ளியில் கணக்கு வாத்தியார் விடை சரியாக இருந்தாலும் "வழி எங்கே?" என்று கேட்டு மதிப்பெண்ணைக் குறைப்பார். ஒர்க்ஃப்ளோ என்பது அந்த வழி. எந்தக் கோப்பு உள்ளே போனது, எந்த மென்பொருள், அதன் எந்தப் பதிப்பு, என்னென்ன அமைப்புகள், எந்த வரிசை என்று எல்லாவற்றையும் எழுதி வைத்து, அதே எழுத்தைக் கொண்டே மறுபடி ஓட்டவும் முடிகிற ஒரு கோப்பு அது. வேலை வேகமாக முடிவது கூடக் கிடைக்கும் லாபம். முதல் லாபம், நீங்கள் செய்ததை இன்னொருவர் செய்து பார்க்க முடிவதுதான்.

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு வேலையை முழுசாகச் செய்து பார்ப்போம். காசநோய்க் கிருமியின் சீக்வென்சிங் தரவை எடுத்து, அது எந்த மருந்துக்குக் கட்டுப்படாது என்று கண்டுபிடிப்பதுதான் அந்த வேலை. உலகில் காசநோயாளிகள் மிக அதிகமாக உள்ள நாடு இந்தியா; உலக எண்ணிக்கையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இங்கேதான். அதனால் இது வெறும் பயிற்சிக் கணக்காகத் தேங்கிவிடாது. இன்னொரு வசதியும் உண்டு. மனித ஜீனோம், அதாவது மனிதனின் முழு டிஎன்ஏ, சுமார் 300 கோடி எழுத்துகள். காசநோய்க் கிருமியினுடையது சுமார் 44 லட்சம் மட்டுமே. தவறு செய்தால் திருத்தி உடனே மறுபடி ஓட்டலாம்.

ஏன் கேலக்ஸி

ஒர்க்ஃப்ளோ மென்பொருள்கள் பல இருக்கின்றன. ஸ்னேக்மேக், நெக்ஸ்ட்ஃப்ளோ இரண்டும் இன்று அதிகம் பேசப்படுபவை. அவற்றுக்குக் கடைசியில் வருகிறேன். கமாண்ட் லைனை, அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்து மென்பொருளை ஓட்டும் முறையை, தொட்டே பார்க்காதவர் கேலக்ஸியில் தொடங்குவது நல்லது என்பது என் கருத்து. 2005-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆன்டன் நெக்ருதென்கோ, ஜேம்ஸ் டெய்லர் போன்றவர்கள் தொடங்கிய திட்டம் இது. பிரவுசரில் ஓடும். உங்கள் லேப்டாப்பில் எதையும் நிறுவ வேண்டாம். கணக்குப் போடுவதெல்லாம் அவர்களுடைய சர்வரில் நடக்கும், காசு வாங்குவதில்லை. அமெரிக்க சர்வர், ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கிலிருந்து நடக்கும் ஐரோப்பிய சர்வர், ஆஸ்திரேலிய சர்வர் என மூன்று பெரிய பொது சர்வர்கள் உள்ளன.

ஏதாவது ஒன்றில் கணக்குத் தொடங்குங்கள். கணக்கு இல்லாமலும் சில வேலைகள் செய்யலாம்தான், ஆனால் கொஞ்ச இடம்தான் கிடைக்கும், செய்ததைத் திரும்பி வந்து எடுப்பதும் கஷ்டம்.

உள்ளே போனதும் திரையில் மூன்று பகுதிகள் தெரியும். இடப்பக்கம் மென்பொருள்களின் பட்டியல். கேலக்ஸியில் இவற்றை டூல் என்பார்கள். நடுவில் வேலை செய்யும் இடம். வலப்பக்கம் ஹிஸ்டரி. நீங்கள் கொண்டுவரும் ஒவ்வொரு கோப்பும், ஒவ்வொரு டூலும் உருவாக்கும் ஒவ்வொரு கோப்பும், எண் போட்டு ஹிஸ்டரியில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும். முதல் வேலையாக ஹிஸ்டரிக்கு ஒரு பெயர் வையுங்கள். பெயரில்லாத ஹிஸ்டரிகள் பத்து சேர்ந்துவிட்டால் எது எதற்கு என்று உங்களுக்கே தெரியாது.

தரவைக் கொண்டுவருதல்

பயிற்சிக்கு உங்கள் ஆய்வகத் தரவே வேண்டும் என்றில்லை. வெளியான ஆய்வுக் கட்டுரைகளில் எஸ்ஆர்ஆர் அல்லது ஈஆர்ஆர் என்று தொடங்கும் எண்கள் இருக்கும். அமெரிக்க, ஐரோப்பியத் தரவுக் களஞ்சியங்களில் மூலத் தரவு சேமிக்கப்பட்ட எண்கள் அவை. ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கட்டுப்படாத ஒரு சாம்பிள், கட்டுப்படும் ஒரு சாம்பிள் என இரண்டைத் தேர்ந்தெடுங்கள். கட்டுரையிலேயே விடை இருக்கும் சாம்பிள்களாகப் பாருங்கள். விடை தெரிந்த கணக்கை முதலில் போட்டுப் பார்த்தால்தான் வழி சரியா என்று தெரியும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். தரவை முதலில் லேப்டாப்பில் இறக்கி, அப்புறம் அங்கிருந்து கேலக்ஸிக்கு ஏற்றாதீர்கள். நம் ஊர்க் கல்லூரி விடுதிகளின் இணைய வேகத்தில் ஒரு நாள் முழுக்க அதற்கே போய்விடும். அப்லோட் பெட்டியில் இணைப்பை ஒட்டுவதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. ஐரோப்பியக் களஞ்சியத்தில் கோப்பின் இணைப்பை நகலெடுத்து அங்கே ஒட்டினால், கேலக்ஸி சர்வர் நேராகக் களஞ்சியத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். உங்கள் வைஃபை வழியாக ஒரு பைட்கூடப் போகாது. எஸ்ஆர்ஆர் எண்ணை மட்டும் கொடுத்தாலே தரவை எடுத்துவரும் டூலும் உண்டு. உங்கள் சொந்தத் தரவாக இருந்தால் ஏற்றித்தான் ஆக வேண்டும். அப்போது ஜீஜிப்பில் சுருக்கிய கோப்பை விரிக்காமல் அப்படியே ஏற்றுங்கள்.

சொந்தத் தரவு என்றால் இன்னொன்றும் உண்டு. கோப்பின் பெயரில் நோயாளியின் பெயரோ மருத்துவமனைப் பதிவு எண்ணோ இருக்கவே கூடாது. குறியீட்டு எண் மட்டும் போதும். மனித டிஎன்ஏ தரவைப் பொது சர்வரில் ஏற்றும் யோசனையே வேண்டாம். அதற்கு உங்கள் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு அனுமதிக்கும் இடம்தான்.

ஒவ்வொரு சாம்பிளுக்கும் இரண்டு கோப்புகள் இருக்கும், கடைசியில் 1, 2 என்று எண் போட்டு. ஒரே டிஎன்ஏ துண்டை இரு முனைகளிலிருந்தும் படித்திருப்பதால் இரண்டு. இந்தக் கோப்பின் வகை ஃபாஸ்ட்க்யூ. கண் வடிவப் பொத்தானை அழுத்தி உள்ளே ஒரு முறையாவது பாருங்கள். ஒவ்வொரு ரீடுக்கும் நான்கு வரிகள் இருக்கும். முதல் வரி @ குறியோடு தொடங்கும் பெயர். இரண்டாம் வரி ஏ, சி, ஜி, டி என்ற எழுத்துகள். மூன்றாம் வரி + குறி. நான்காம் வரியைப் பார்த்தால் பூனை கீபோர்டில் நடந்தது போல இருக்கும், ஆனால் அதில்தான் உயிர் இருக்கிறது. இரண்டாம் வரியின் ஒவ்வொரு எழுத்தும் எவ்வளவு நம்பகமானது என்பதை அந்தக் குறிகள் சொல்கின்றன. ஆச்சரியக்குறி என்றால் தரம் 0. அந்த எழுத்தை நம்பவே வேண்டாம். தரம் 20 என்றால் நூறில் ஒன்று தவறாக இருக்கலாம். 30 என்றால் ஆயிரத்தில் ஒன்று.

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் அடுத்தது. ஏற்றிய கோப்பு ஹிஸ்டரியில் பச்சையாக இருக்கும், ஆனால் டூலைத் திறந்தால் அதன் பட்டியலில் கோப்பு வராது. "கோப்பு எங்கே போனது?" என்று பக்கத்தை மறுபடி மறுபடி திறந்து பார்ப்பார்கள். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். தரக் குறிகளை எழுதும் முறை ஒரு காலத்தில் பலவிதமாக இருந்ததால், எந்த முறை என்று தெரியாத ஃபாஸ்ட்க்யூவைப் பல டூல்கள் ஏற்பதில்லை. கோப்பின் வகை ஃபாஸ்ட்க்யூசாங்கர் என்று இருக்க வேண்டும். சுருக்கிய கோப்பு என்றால் அதோடு ஜிஇசட் சேர்ந்திருக்க வேண்டும். பென்சில் பொத்தானை அழுத்தி, டேட்டாடைப் பகுதியில் மாற்றிக்கொள்ளுங்கள். இன்றைய இலுமினா சீக்வென்சிங் கருவிகளின் தரவுக்கு இதுதான் சரியான வகை.

சரி, நான்கு கோப்புகளும் வந்துவிட்டன. அவற்றைத் தேர்ந்தெடுத்து, ஜோடிகளின் பட்டியலாகக் கட்டுங்கள். இதை கலெக்‌ஷன் என்பார்கள். இரண்டே சாம்பிளுக்கு இது எதற்கு என்று தோன்றும். கலெக்‌ஷனை வைத்துச் செய்த வேலை நாளைக்கு நாற்பது சாம்பிளுக்கும் அப்படியே ஓடும். தனித்தனிக் கோப்பாகச் செய்துவிட்டால் பிறகு ஒர்க்ஃப்ளோவைக் கிட்டத்தட்டத் திரும்பக் கட்ட வேண்டி வரும். சாம்பிள் பெயரும் கலெக்‌ஷனோடு கடைசிப் படிவரை ஒட்டிக்கொண்டே வரும்.

தரம் பார்த்தல்

ஃபாஸ்ட்க்யூசி என்ற டூலைத் தேடி ஓட்டுங்கள். கேம்பிரிட்ஜுக்கு அருகிலுள்ள பாப்ரஹாம் நிறுவனத்தில் உருவானது. ஹிஸ்டரியில் புதிய பெட்டிகள் தோன்றும். சாம்பல் நிறம் என்றால் வரிசையில் காத்திருக்கிறது; மஞ்சள் என்றால் ஓடுகிறது; பச்சை என்றால் முடிந்தது; சிவப்பு என்றால் தவறு. இடையில் பிரவுசரை மூடிவிட்டு டீ குடிக்கப் போகலாம், வேலை சர்வரில் தொடரும்.

பச்சைக்கு ஓட்டம் தடையில்லாமல் முடிந்தது என்பது மட்டுமே பொருள். உள்ளே ஒன்றுமே இல்லாத கோப்பும் பச்சையாகத்தான் நிற்கும். ஒவ்வொரு பெட்டியையும் திறந்து, கோப்பின் அளவையும் வரி எண்ணிக்கையையும் பார்க்கும் பழக்கம் முதல் நாளிலேயே வர வேண்டும்.

ஃபாஸ்ட்க்யூசி அறிக்கையில் எல்லாக் கட்டங்களையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. காசநோய்க் கிருமிக்கு எனக்கு முக்கியமாகப் படுவது ஜிசி விகிதத்தின் வரைபடம். எழுத்துகளில் ஜி-யும் சி-யும் சேர்ந்து எத்தனை சதவீதம் என்பதைக் காட்டும் மேடு அது. இந்தக் கிருமியில் அது சுமார் 65.6 சதவீதம். ஆகவே மேடு 65-ஐ ஒட்டி நிற்க வேண்டும். நடுவிலிருந்து தள்ளி வலப்பக்கம் இருக்கிறதே என்று பயப்படாதீர்கள், இந்தக் கிருமியின் இயல்பே அதுதான். 41 பக்கத்தில் இரண்டாவதாக ஒரு சின்ன மேடு இருந்தால் மட்டும் நிமிர்ந்து உட்காருங்கள். மனித ஜீனோமின் ஜிசி விகிதம் ஏறக்குறைய அதுதான். சளி மாதிரியோடு நோயாளியின் டிஎன்ஏவும் கலந்து வந்திருக்கலாம்.

ரீட்களின் தொடக்கத்தில் பத்துப் பன்னிரண்டு எழுத்துகளுக்கு எழுத்து விகிதக் கோடுகள் கோணல்மாணலாக இருந்து, சிவப்புக் குறி விழுந்திருந்தால் பெரும்பாலும் கவலை வேண்டாம். டிஎன்ஏவை நொதியால் வெட்டித் தயாரிக்கும் முறைகளில் அது இயல்பாக வருவது. ஃபாஸ்ட்க்யூசிக்கு உங்கள் சாம்பிள் என்னவென்று தெரியாது. சிவப்புக் குறியை எப்படி எடுத்துக்கொள்வது என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

பல சாம்பிள்களின் அறிக்கைகளை ஒரே பக்கத்தில் பார்க்க மல்டிக்யூசி இருக்கிறது. நாற்பது சாம்பிளில் ஒன்று மட்டும் தனித்து நிற்பதை ஒரே பார்வையில் அது காட்டிவிடும்.

அடுத்து ஃபாஸ்ட்பி. தரம் குறைந்த முனைகளையும், சீக்வென்சிங்குக்காக ஒட்டிய செயற்கைத் துண்டுகளையும் வெட்டிவிடும். முதல் முறை அதன் இயல்பு அமைப்புகளே போதும்.

தரவு போதுமா என்று கையால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜீனோமின் ஒவ்வொரு எழுத்தும் சராசரியாக 100 முறை படிக்கப்பட்டிருக்க வேண்டும் என்றால், 44 லட்சத்தை 100-ஆல் பெருக்கினால் 44 கோடி எழுத்துகள். ஒரு ஜோடி ரீட் 150, 150 என்று 300 எழுத்துகள். 44 கோடியை 300-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 15 லட்சம் ஜோடிகள். ஃபாஸ்ட்பி அறிக்கையில் உள்ள எண்ணை இதோடு ஒப்பிடுங்கள். இரண்டு லட்சம் ஜோடிதான் இருக்கிறது என்றால் ஆழம், அதாவது ஒரு எழுத்து சராசரியாக எத்தனை முறை படிக்கப்பட்டது என்பது, 14-க்கும் கீழே. அந்த சாம்பிளில் "மாற்றம் இல்லை" என்று சொல்லத் துணியாதீர்கள்.

யாருடைய டிஎன்ஏ இது

கிராக்கன்2 என்ற டூல் ஒவ்வொரு ரீடையும் எடுத்து, எந்த உயிரினத்தினுடையது என்று சொல்லும். நேரம் போகிறதென்று பலர் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். தாண்டக்கூடாது. காசநோய்க் கிருமிக்கு நெருங்கிய உறவான வேறு மைக்கோபாக்டீரியங்கள் மண்ணிலும் தண்ணீரிலும் உண்டு. ஆய்வகத்தில் கிருமியை வளர்க்கும் கல்ச்சரில் எளிதாகக் கலந்துவிடும். அவற்றின் ரீட்கள் நம் கிருமியின் ஜீனோமில் ஓரளவு பொருந்தி ஒட்டிக்கொண்டு, இல்லாத மாற்றங்களை இருப்பதாகக் காட்டும். ரீட்களில் பெரும்பகுதி காசநோய்க் கிருமியின் குழுவுக்குப் போகிறதா என்று பாருங்கள்.

மாற்றங்களைக் கண்டுபிடித்தல்

இப்போது வேலையின் மையத்துக்கு வந்துவிட்டோம். ரீட்களை ஒரு மேற்கோள் ஜீனோமோடு (எல்லோரும் ஒப்பிடப் பயன்படுத்தும் நிலையான பிரதி) ஒட்டவைத்து, எங்கெங்கே எழுத்து மாறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். காசநோய்க்கு உலகம் முழுக்கப் பயன்படும் மேற்கோள் எச்37ஆர்வி. 1905-இல் அமெரிக்காவில் ஒரு நோயாளியிடமிருந்து எடுத்த கிருமியின் வழித்தோன்றல். அதன் முழு ஜீனோம் 1998-இல் வெளியானது. மரபணுக் குறிப்புகளோடு உள்ள ஜென்பேங்க் கோப்பாக அதை ஹிஸ்டரிக்குக் கொண்டுவாருங்கள். அப்போதுதான் மாறிய எழுத்து எந்த மரபணுவில் இருக்கிறது, புரதத்தில் என்ன ஆகிறது என்பதும் சேர்ந்து வரும்.

டூலின் பெயர் ஸ்னிப்பி. ஒட்டுவது, மாற்றம் தேடுவது, மரபணுக் குறிப்பு எழுதுவது மூன்றையும் ஒன்றாகச் செய்யும். அதன் அமைப்புகளில் குறைந்தபட்ச ஆழம் என்று ஒன்று இருக்கிறது, இயல்பாக 10. எங்களை மூன்று வாரம் அலையவைத்த எண் இதுதான். பத்து ரீட்களுக்குக் குறைவாகப் படிக்கப்பட்ட இடத்தில் ஸ்னிப்பி மாற்றத்தை அறிவிக்காது. 10-ஐ வைப்பதா 20-ஐ வைப்பதா என்பதை உங்கள் வழிகாட்டியோடு பேசி முடிவு செய்யுங்கள். எதை வைத்தாலும் கேலக்ஸி அதை அந்தப் பெட்டியோடேயே எழுதி வைத்துவிடும். பெட்டியைத் திறந்து விவரப் பொத்தானை அழுத்தினால், டூலின் பதிப்பு எண்ணிலிருந்து ஒவ்வொரு அமைப்பும் அங்கே இருக்கும், எத்தனை மாதம் கழித்துக் கேட்டாலும்.

முடிவாக வரும் அட்டவணையில் ஒவ்வொரு வரியும் ஒரு மாற்றம். ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படாத சாம்பிளில் 761155 என்ற இடத்தைத் தேடுங்கள். கட்டுப்படாத கிருமிகளில் மிக அதிகமாகக் காணப்படும் மாற்றம் அங்கேதான். அந்த இடத்தில் சி என்ற எழுத்து டி ஆகியிருந்தால், ஆர்பிஓபி மரபணுவில் டி-சி-ஜி என்ற மூன்றெழுத்து டி-டி-ஜி ஆகிவிட்டது என்று பொருள். புரதத்தின் 450-ஆம் இடத்தில் செரின் இருக்க வேண்டிய இடத்தில் லூசின் வந்து உட்காரும். ரிஃபாம்பிசின் வந்து பிடிக்கும் பள்ளத்தின் வடிவம் அதனால் மாறிவிடுகிறது, மருந்து ஒட்டாது. 44 லட்சம் எழுத்துகளில் ஒரே ஒரு எழுத்து! ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டும் ஒருவர் குணமாகாமல் போவதற்கு இந்த ஒரு வரி காரணமாக இருக்கலாம். முதல் முறை என் திரையில் இந்த வரி வந்தபோது அதன்மேல் விரல் வைத்துப் படித்தது இன்னும் நினைவிருக்கிறது.

பழைய கட்டுரைகளில் இதே மாற்றத்தை 531 என்று எழுதியிருப்பார்கள். அது ஈ.கோலை கிருமியின் எண் வரிசை. இரண்டும் ஒன்றுதான், குழம்ப வேண்டாம்.

ஐசோனியசிட் மருந்துக்கும் இப்படி ஒரு முக்கிய இடம் உண்டு: கேட்ஜி மரபணுவின் 315-ஆம் இடத்தில் செரின் போய் த்ரியோனின் வருவது.

அட்டவணையில் வரும் எல்லா வரியையும் நம்பிவிடக் கூடாது. இந்த ஜீனோமில் சுமார் பத்தில் ஒரு பங்கு பிஇ, பிபிஇ என்ற மரபணுக் குடும்பங்கள். ஒன்றைப்போல ஒன்று இருப்பதால், 150 எழுத்து ரீட் எந்தப் பிரதிக்குச் சொந்தம் என்று சொல்ல முடியாமல் தவறான இடத்தில் ஒட்டிக்கொள்ளும். அங்கே தெரியும் மாற்றங்கள் பாதி மாயத்தோற்றம். அந்தப் பகுதிகளை வடிகட்டவே டிபி வேரியன்ட் ஃபில்டர் என்ற டூல் கேலக்ஸியில் இருக்கிறது. ஸ்னிப்பிக்கு அடுத்ததாக அதைச் சேருங்கள்.

தமிழ்நாட்டுச் சாம்பிள்களோடு வேலை செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு. நம் பகுதியில் காசநோய்க் கிருமியின் முதல் லீனியேஜ் (பரம்பரைக் கிளை) அதிகம். எச்37ஆர்வி நான்காம் லீனியேஜைச் சேர்ந்தது. இரண்டுக்கும் இடையே தூரம் அதிகம் என்பதால் ஆயிரத்துக்கும் மேல் மாற்றங்கள் வரும். ஐரோப்பிய சாம்பிள்களை வைத்து எழுதிய கட்டுரைகளில் அதைவிடக் குறைவான எண்ணைப் பார்த்துவிட்டு, தம்முடையதில் ஏதோ தவறு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். தவறு இல்லை.

கடைசி டூல் டிபி-ப்ரொஃபைலர். எந்த லீனியேஜ், எந்தெந்த மருந்துக்குக் கட்டுப்படாது என்று அறிக்கையாகத் தரும். ஸ்னிப்பி உருவாக்கிய, ஜீனோமில் ஒட்டிய ரீட்கள் உள்ள பாம் கோப்பை இதற்குக் கொடுக்கலாம் என்றாலும், தொடக்கத்தில் ஃபாஸ்ட்பி வெட்டிக் கொடுத்த ஃபாஸ்ட்க்யூவை நேராகவே கொடுத்துவிடுங்கள். காரணம் பெயர்ப் பிரச்சினை. உங்கள் மேற்கோள் கோப்பில் ஜீனோமின் பெயர் என்சி_000962.3 என்று இருக்கும். டிபி-ப்ரொஃபைலரிடம் உள்ள பிரதியில் குரோமோசோம் என்று இருக்கும். எழுத்துக்கு எழுத்து ஒரே ஜீனோம்தான், ஆனாலும் பெயர் வேறாக இருந்தால் மென்பொருளுக்கு அது வேறு ஜீனோம். உயிரியல் தரவு வேலையில் பாதி நேரம் இப்படிப்பட்ட பெயர்ச் சண்டைகளுக்கே போகும்.

கட்டுரையில் சொன்ன விடையும் உங்கள் விடையும் ஒன்றா? ஒன்றாக இருந்தால் அடுத்ததற்குப் போகலாம். இல்லையென்றால் இங்கேயே நின்று காரணத்தைக் கண்டுபிடியுங்கள். தவறான வழியை ஒர்க்ஃப்ளோவாகக் கட்டினால் நாற்பது சாம்பிளிலும் அதே தவறு நடக்கும்.

ஹிஸ்டரியை ஒர்க்ஃப்ளோ ஆக்குதல்

கேலக்ஸியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஹிஸ்டரியின் மெனுவில் எக்ஸ்ட்ராக்ட் ஒர்க்ஃப்ளோ என்று இருக்கும். அழுத்தினால் நீங்கள் செய்த எல்லாப் படிகளும் வரிசையாக, பக்கத்தில் டிக் கட்டங்களோடு வரும். தவறாக ஓட்டிப் பார்த்த படிகளின் டிக்கை எடுத்துவிட்டு, பெயர் கொடுத்து உருவாக்குங்கள். கையால் செய்த வேலை முழுவதும் ஒர்க்ஃப்ளோவாக நிற்கும்.

இப்படியே விட்டுவிடக் கூடாது. எடிட்டரில் திறந்து பாருங்கள். ஒவ்வொரு டூலும் ஒரு பெட்டி, பெட்டிகளை இணைக்கும் கோடுகள். முதலில் பார்க்க வேண்டியது உள்ளீடுகள். சாம்பிள் கலெக்‌ஷன் ஒன்று, மேற்கோள் ஜீனோம் ஒன்று என இரண்டு இருக்க வேண்டும். இரண்டுக்கும் பொதுவான பெயர்தான் இருக்கும். "சாம்பிள் ஜோடிகள்", "எச்37ஆர்வி ஜென்பேங்க்" என்று தெளிவாக மாற்றுங்கள். இரண்டு வருடம் கழித்து வருபவர் எதை எங்கே கொடுக்க வேண்டும் என்று யாரிடமும் கேட்காமல் புரிந்துகொள்ள வேண்டும். அப்புறம் கோடுகளை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். ஸ்னிப்பிக்குப் போகும் கோடு ஃபாஸ்ட்பியிலிருந்து வருகிறதா, அல்லது வெட்டாத மூலத் தரவிலிருந்தே வருகிறதா? கையால் ஓட்டும்போது அவசரத்தில் தவறான கோப்பைத் தேர்ந்தெடுத்திருந்தால் இங்கேதான் கண்ணில் படும்.

முக்கியமான வெளியீடுகளுக்கு மட்டும் குறியிட்டு, இடையில் வருபவற்றை மறைத்துவிடுங்கள். குறைந்தபட்ச ஆழத்தை ஓட்டும்போது கேட்கும்படி விட வேண்டாம், பெட்டிக்குள்ளேயே 10 என்று பூட்டுங்கள். ஒவ்வொரு முறையும் கேட்டால் ஒவ்வொருவரும் ஒரு எண்ணைப் போடுவார்கள். ஏன் 10 என்ற காரணத்தையும் பெட்டியின் குறிப்புப் பகுதியில் ஒரு வரி எழுதுங்கள். எந்த எண் என்பதைக் கேலக்ஸி எழுதிவிடும். ஏன் என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும். படிகளுக்குப் பெயர் இல்லை, குறிப்பு இல்லை, உரிமம் குறிப்பிடவில்லை என்று எடிட்டரே பட்டியலிட்டுக் காட்டும் பகுதியும் உண்டு. அதையும் ஒருமுறை பார்த்துச் சரிசெய்யுங்கள்.

புதிய, காலியான ஹிஸ்டரியில் அதே இரண்டு சாம்பிளைக் கொடுத்து ஓட்டுங்கள். கையால் செய்தபோது வந்த அதே அட்டவணை வர வேண்டும். வந்தால் வழி சரி; நாற்பது சாம்பிளைக் கொடுக்கும் முன் கடைசியில் சொல்லும் ஒரு சோதனை மட்டும் பாக்கி. நாற்பதில் ஒன்று சிவப்பானால் எல்லாவற்றையும் திரும்ப ஓட்டாதீர்கள். பூச்சி வடிவப் பொத்தானை அழுத்தினால் காரணம் தெரியும். சரிசெய்து அந்த ஒன்றை மட்டும் மறுபடி ஓட்டும்போது, அதை நம்பிக் காத்திருக்கும் படிகளையும் தொடரச் சொல்லலாம். சாம்பிளே வீண் என்றால், தோற்றவற்றை நீக்கிவிட்டு மற்றதைத் தொடரும் டூல் இருக்கிறது.

இடம் நிரம்பிவிட்டது என்று எச்சரிக்கை வந்தால், இடைக்கால பாம் கோப்புகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வெறுமனே அழித்தால் இடம் திரும்பக் கிடைக்காது. நிரந்தரமாக அழிக்கும் கட்டளையைக் கொடுக்க வேண்டும்.

எப்போது ஸ்னேக்மேக், நெக்ஸ்ட்ஃப்ளோ

ஆயிரக்கணக்கில் சாம்பிள், சொந்தமாக ஒரு கிளஸ்டர் (சேர்ந்து வேலை செய்யும் பல கணினிகள்), வெளியே போகக் கூடாத தரவு. இந்த மூன்றில் ஒன்று வந்தால் கமாண்ட் லைன் பக்கம் போக வேண்டிய காலம் வந்துவிட்டது. 2012-இல் யோஹானஸ் கோஸ்டரும் ஸ்வென் ராமனும் வெளியிட்ட ஸ்னேக்மேக், பைத்தான் தெரிந்தவர்களுக்குச் சீக்கிரம் பழகும். கடைசியில் எந்தக் கோப்பு வேண்டும் என்று சொன்னால், அதற்கு என்ன தேவை, அதற்கு முன்னால் என்ன தேவை என்று பின்னோக்கிப் போய் வழியைத் தானே கண்டுபிடிக்கும். பார்சிலோனாவில் பிறந்த நெக்ஸ்ட்ஃப்ளோவில் தரவு முன்னோக்கி ஓடும். ஒரு படி முடிந்த சாம்பிள் மற்றதற்காகக் காத்திராமல் அடுத்த படிக்குப் போகும். அதைச் சுற்றி வளர்ந்த என்எஃப்-கோர் குழு, பலர் சரிபார்த்த ஒர்க்ஃப்ளோக்களை இலவசமாகத் தருகிறது. எந்தப் பக்கம் போனாலும், டூல்களை நிறுவ பயோகோண்டாவும், பதிப்புகளைப் பூட்டி வைக்க கன்டெய்னரும் உடன் வரும். ஜிசி மேட்டைப் பார்ப்பதும் பிஇ மரபணுக்களை வடிகட்டுவதும் அங்கேயும் அப்படியேதான். உயிரியல் புரியாமல் கமாண்ட் லைனுக்குப் போவதைவிட, கேலக்ஸியில் மூன்று மாதம் இருந்துவிட்டுப் போவது நல்லது.

வழியில் சந்தேகம் வந்தால் கேலக்ஸி பயிற்சி வலையமைப்பின் தளத்தில் காசநோய்க் கிருமிக்கென்றே ஒரு பாடம் இருக்கிறது, மாதிரித் தரவோடு.

கடைசியாக ஒரு படி. ஒர்க்ஃப்ளோவை ஜிஏ கோப்பாக (கேலக்ஸி ஒர்க்ஃப்ளோவைச் சேமிக்கும் கோப்பு வகை) இறக்கி, இந்த வேலையில் இல்லாத ஒரு நண்பருக்கு அனுப்புங்கள். கூடவே இரண்டு சாம்பிள்களின் எண்களையும் மேற்கோள் ஜீனோமின் எண்ணையும் மட்டும் எழுதுங்கள். வேறு விளக்கம் எதுவும் தராதீர்கள். அவர் தன் கணக்கில் ஏற்றி ஓட்டட்டும். எங்கேயாவது நின்று உங்களுக்குப் போன் செய்தால், அவர் கேட்ட கேள்வியின் விடையை ஒர்க்ஃப்ளோவுக்குள் குறிப்பாக எழுதிவிட்டு மறுபடி அனுப்புங்கள். போன் வராமல், அவருடைய அட்டவணையிலும் 761155-இல் சி இருந்த இடத்தில் டி வந்தால், நாற்பது சாம்பிளை ஓட்டத் தொடங்கலாம்.